டவர் நம்முடையது; சாவி யாரிடம்?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலையேறும் நீராவி இன்ஜின்களில் சில, திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் பிறந்தவை. ‘எக்ஸ்’ வகை எனப்படும் அந்த இன்ஜினின் மூல வடிவமைப்பு, சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்து ஆலையுடையது. பழைய இன்ஜின்கள் தேய்ந்துபோனபோது, பொன்மலைத் தொழிலாளர்கள் புதிய இன்ஜின்களையே செய்து கொடுத்துவிட்டார்கள். ஒரு பாகம் உடைந்தால் வரைபடத்தைப் பார்த்து, உலோகத்தை வார்த்து, லேத்தில் கடைந்து மாட்டிவிட அவர்களால் முடியும். இன்ஜினைக் காசு கொடுத்து வாங்கியாயிற்று, அதை எப்படி ஓட்டுவது என்பது வாங்கியவர் பாடு.

இந்தக் கணக்கு செல்போன் டவருக்குப் பொருந்தாது. டவர் உச்சியில் இருக்கும் ரேடியோ பெட்டி, கீழே கேபினட்டுக்குள் இருக்கும் பேஸ்பேண்ட் கருவி என எல்லாவற்றையும் ஒரு நிறுவனம் முழு விலை கொடுத்து வாங்கியிருக்கலாம். ஆனாலும், 40 வாட் சக்தியில் இயங்கக்கூடிய ரேடியோ பெட்டி 20 வாட்டோடு நின்றுவிடலாம். ஒரே நேரத்தில் ஆயிரம் பேரைத் தாங்கக்கூடிய கருவி, சில நூறு பேருக்கு மேல் கதவைச் சாத்திக்கொள்ளலாம். கோளாறு எதுவும் இருக்காது. ‘அதுக்குத் தனியா லைசென்ஸ் போடணும் சார்’ என்பதுதான் பதிலாக வரும்.

பொன்மலை ஞாயிறு சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்துவிட்டு, போனில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்து நிற்பவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. சிக்னல் கோடுகள் முழுதாக இருந்தும் நெட் வராததற்குப் பல காரணங்கள் உண்டு. டவருக்குப் போகும் ஃபைபரில் இடம் இல்லாமல் இருக்கலாம், அலைவரிசை போதாமல் இருக்கலாம். வெளியே யாரும் பேசாத காரணங்களில் ஒன்று இந்த லைசென்ஸ்.

எந்த லைசென்ஸ்?

தொலைத்தொடர்பு லைசென்ஸ் என்றதும் அரசு கொடுக்கும் அனுமதியும் அலைக்கற்றை ஏலமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இது வேறு. கருவியைத் தயாரித்த நிறுவனம், அதை வாங்கிய நிறுவனத்துக்குக் கொடுக்கும் மென்பொருள் பயன்பாட்டு உரிமம் இது.

லேண்ட்லைன் காலத்து வீடுகளுக்கு இதன் சின்ன வடிவம் பழக்கமானதுதான். போன் இருக்கும், எஸ்.டி.டி. போகாது. அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால், எக்ஸ்சேஞ்சில் ஒருவர் கட்டளை ஒன்றைத் தட்டுவார். மறுநாள் சென்னைக்குப் பேசலாம். காலர் ஐடியும் அப்படித்தான் வந்தது. வீட்டுக்கு வந்த கம்பியில் எந்த மாற்றமும் இருக்காது. அன்றைக்குப் பூட்டும் சாவியும் எக்ஸ்சேஞ்ச்காரர்களிடம் இருந்தன. இன்றைக்கு எக்ஸ்சேஞ்ச்காரர்களே கருவி நிறுவனத்திடம் விண்ணப்பம் கொடுக்கும் இடத்தில் இருக்கிறார்கள்.

நடைமுறை இதுதான். ஒவ்வொரு கருவிக்கும் தனித்த அடையாள எண் உண்டு. எந்தெந்த வசதி, எவ்வளவு கொள்ளளவு, எந்தத் தேதி வரை என்பதை எழுதி, டிஜிட்டல் முத்திரையிட்டு, அந்த எண்ணுக்கென்றே ஒரு கோப்பைக் கருவி நிறுவனம் தயாரிக்கிறது. அந்தக் கோப்பைக் கருவியில் ஏற்ற வேண்டும். ஏற்றியதோடு வேலை முடிவதில்லை. குறிப்பிட்ட வசதியைத் தனியாக ‘ஆன்’ செய்ய வேண்டும். அதற்குரிய அளவுருக்களை அமைக்க வேண்டும். சில வசதிகளுக்கு அந்த செல்லையே கொஞ்ச நேரம் நிறுத்தி இயக்க வேண்டியிருக்கும். அதனால்தான் இந்த வேலைகள் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு நடக்கின்றன.

இரண்டு அலைவரிசைகளைச் சேர்த்து வேகம் கூட்டுவது, ஒரே அலையில் கூடுதல் தரவைத் திணிப்பது, இரவில் கூட்டம் குறைந்ததும் சில ரேடியோக்களை உறங்கவைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்துவது என்று ஒவ்வொன்றும் தனி வசதியாக விலைப்பட்டியலில் இருக்கலாம். மின்சாரம் மிச்சம்பிடிக்கக்கூடக் காசு!

காணாமல் போகும் உரிமங்கள்

விலையைவிட மோசமான செலவு, கணக்கு வைக்காததால் வருவது. வசதிக்குப் பணம் கட்டியிருப்பார்கள். யாரும் ‘ஆன்’ செய்திருக்க மாட்டார்கள். அல்லது சோதனைக்காகச் சில வாரங்களுக்கு இலவசமாகக் கிடைத்த வசதி, கெடு முடிந்ததும் சத்தமில்லாமல் நின்றுபோயிருக்கும். ‘போன மாசம் நல்லாத்தானே இருந்துச்சு’ என்று வாடிக்கையாளர் சொல்வது அவருடைய பிரமையாக இருக்க வேண்டியதில்லை.

டவரை இடம் மாற்றும்போது இன்னொரு சிக்கல் வரும். உரிமம் பழைய கருவியின் எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. கருவி பழுதாகி வேறு கருவி வந்தால், உரிமத்தைப் புதிய எண்ணுக்கு மாற்றித் தரச் சொல்லி நிறுவனத்திடம் கேட்க வேண்டும். கேட்க மறந்தால், குடோனில் கிடக்கும் செத்த பெட்டியோடு விலை கொடுத்த உரிமமும் சேர்ந்து கிடக்கும். கருவிக்கு ஸ்டாக் ரெஜிஸ்டர் இருக்கிறது, ஆண்டுதோறும் சரிபார்ப்பு நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத உரிமத்துக்கு அப்படி ஒரு ரெஜிஸ்டர் எத்தனை அலுவலகங்களில் இருக்கும்?

வைகுண்ட ஏகாதசியை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் திறக்கும் நாளில் லட்சக்கணக்கானோர் தீவுக்குள் வருகிறார்கள். அன்றைக்கு அங்கே தேவைப்படும் கொள்ளளவு மற்ற நாள்களில் தேவையில்லை. உரிமம் ஒவ்வொரு டவருக்கும் தனித்தனியாகப் பூட்டப்பட்டிருந்தால், அந்த ஒரு நாளுக்காக ஸ்ரீரங்கத்தின் டவர்களுக்கெல்லாம் கூடுதலாக வாங்க வேண்டும். அல்லது நெரிசலைச் சகித்துக்கொள்ள வேண்டும். உரிமங்களை மாநிலம் முழுமைக்கும் பொதுவான தொகுப்பாக வாங்கியிருந்தால், அன்றைக்குச் சும்மா இருக்கும் கொள்ளளவைக் காவிரி தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு மாற்றலாம். திருவிழா முடிந்ததும் திருப்பிக்கொள்ளலாம். இரண்டு ஏற்பாடுகளிலும் கருவி ஒன்றுதான். வேறுபடுவது ஒப்பந்தத்தின் சில வரிகள்.

நிறுவனங்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு

ஒரே வகைப் பெட்டியைப் பெரிய அளவில் தயாரித்தால் செலவு குறைகிறது. சிறிய ஊருக்குக் குறைந்த உரிமத்தோடும் பெரிய நகரத்துக்குக் கூடுதல் உரிமத்தோடும் கொடுக்கலாம். வாடிக்கையாளர் கூடும்போது டவரில் ஏறாமலேயே கொள்ளளவைக் கூட்டலாம் என்கின்றன கருவி நிறுவனங்கள். பல ஆண்டு ஆராய்ச்சிக்கான செலவையும் எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். இதெல்லாம் சரிதான். பயன்படுத்தாத வசதிக்குப் பணம் கட்டாமல் இருப்பது வாங்குபவருக்கும் லாபம்.

சிக்கல் டெண்டரில் தொடங்குகிறது. குறைந்த விலை சொன்னவருக்கே ஒப்பந்தம் என்ற ‘எல்-1’ முறையில், முதல் நாள் விலையைக் குறைத்துக் காட்டிவிட்டுப் பின்னால் உரிமங்களில் வசூலிக்கும் வழி திறந்துகிடக்கிறது. முதல் நாளில் போட்டிக்கு நான்கு நிறுவனங்கள் இருக்கும். ஐந்தாவது ஆண்டில் ஒரு புதிய வசதி வேண்டுமென்றால் விலை சொல்ல ஒரே நிறுவனம்தான் இருக்கும். அந்தப் பூட்டுக்கு வேறு யாரும் சாவி செய்ய முடியாது. தனியார் நிறுவனங்கள் பேரம் பேசிச் சமாளித்துக்கொள்ளும். பொதுப் பணத்தில் வாங்கும் பி.எஸ்.என்.எல்., ரயில்வே போன்ற அமைப்புகளுக்கு அந்தச் சுதந்திரம் குறைவு. அதனால், அவை வாங்கும் நாளிலேயே சாவியையும் சேர்த்து வாங்கியாக வேண்டும்.

ஒரு தேதி தீர்ந்தபோது...

சாவி வெளியே இருந்தால் என்ன ஆகும் என்பதை 2018 டிசம்பர் 6 அன்று உலகம் பார்த்தது. பிரிட்டனில் ஓ2 நிறுவனத்தின் மொபைல் டேட்டா நாள் முழுக்க முடங்கியது. அதன் நெட்வொர்க்கை நம்பியிருந்தவர்கள் சுமார் 3.2 கோடிப் பேர். லண்டன் பேருந்து நிறுத்தங்களில் அடுத்த பேருந்து எப்போது வரும் என்று காட்டும் பலகைகள்கூடப் பாதிக்கப்பட்டன. அதே நாளில் ஜப்பானில் சாஃப்ட்பேங்க் நெட்வொர்க் நான்கு மணி நேரத்துக்கும் மேலாக நின்றது. இரண்டு நாடுகளுக்கும் பொதுவானது, எரிக்சன் நிறுவனத்தின் கோர் நெட்வொர்க் மென்பொருள். அதற்குள் இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழின் காலம் முடிந்துவிட்டது என்பதை முதன்மைக் காரணமாக எரிக்சனே அறிவித்து மன்னிப்புக் கேட்டது.

அது பணம் கட்டாததால் நின்ற வணிக உரிமம் இல்லை. மென்பொருளுக்குள் இருந்த பாதுகாப்புச் சான்றிதழ். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால், நெட்வொர்க்கை நடத்துபவருக்கு இரண்டும் ஒரே வகை ஆபத்துதான். தன் கருவிக்குள் ஒரு தேதி ஒளிந்திருக்கிறது, அது தீரும் நாளில் கருவி என்ன செய்யும் என்பது தனக்குத் தெரியாது. சில கருவிகள் எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டுத் தொடர்ந்து இயங்கும். சில கருவிகளில் சில நாள் அவகாசம் தரும் அவசரத் திறப்பு உண்டு. சில கருவிகள் அந்த வசதியை நிறுத்திவிடும். எது எப்படி என்பது வாங்கும்போதே எழுத்தில் இருக்க வேண்டிய விஷயம்.

சுதேசிக் கருவிக்கும் சாவி உண்டு

2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில், பி.எஸ்.என்.எல்.லின் உள்நாட்டு 4ஜி நெட்வொர்க்கைப் பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். 97,500-க்கும் மேற்பட்ட டவர்கள், சுமார் 37,000 கோடி ரூபாய். கோர் பகுதி சி-டாட் உருவாக்கியது, ரேடியோ கருவிகள் தேஜஸ் நிறுவனத்துடையவை, ஒருங்கிணைப்பு டி.சி.எஸ். 1984-ல் தொடங்கப்பட்ட சி-டாட், கிராமத்து எக்ஸ்சேஞ்சுகளை உள்நாட்டிலேயே வடிவமைத்து, அந்தத் தொழில்நுட்பத்தைப் பல உற்பத்தியாளர்களுக்குக் கொடுத்த அமைப்பு. அந்த வரலாறு நம்பிக்கை தருகிறது. வெளிநாட்டுத் தடையோ தகராறோ வந்தால் சாவி கைவிட்டுப் போகும் அச்சம் இதில் குறைவு.

ஆனால், ‘உள்நாட்டுத் தயாரிப்பு’ என்ற முத்திரை உரிமக் கேள்வியைத் தீர்த்துவிடாது. இந்த 4ஜி நெட்வொர்க்கை மென்பொருள் மேம்பாடு மூலம் 5ஜிக்குக் கொண்டுபோகலாம் என்று அரசு சொல்கிறது. அந்த மேம்பாட்டின் விலை முதல் ஒப்பந்தத்துக்குள் அடங்குமா, டவர் ஒன்றுக்கு இவ்வளவு என்று பிறகு வருமா? எத்தனை பேர் இணையலாம் என்பதற்கு வரம்பு உண்டா? ஒப்பந்தக் காலம் முடிந்தபின் உரிமக் கோப்பை உருவாக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கும்? இவை தேசபக்தியைச் சந்தேகிக்கும் கேள்விகள் அல்ல. வீடு வாங்குபவர் பத்திரத்தைப் படிப்பது போலத்தான்.

ரயில்வேக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். ரயில்களுக்கான தனி எல்.டி.இ. நெட்வொர்க்குக்காக 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 5 மெகாஹெர்ட்ஸை ஒதுக்க 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. திட்ட மதிப்பு 25,000 கோடி ரூபாய்க்கும் மேல். ஓட்டுநர், கார்டு, கட்டுப்பாட்டு அறை ஆகியோருக்கு இடையிலான பேச்சும், பாதுகாப்புக்கான தரவும் அதில் போக வேண்டும். செல்போனில் வீடியோ நின்றால் எரிச்சலோடு முடியும். இங்கே அப்படி இல்லை.

எனவே, ரயில்வேயும் பி.எஸ்.என்.எல்.லும் அடுத்த டெண்டர்களில் சிலவற்றைக் கட்டாயமாக்கலாம். குரல் அழைப்பு, அவசர அழைப்பு, பாதுகாப்புத் தரவு ஆகியவற்றுக்கான உரிமத்துக்குக் காலாவதித் தேதியே இருக்கக் கூடாது. மற்ற உரிமங்கள் காலாவதியானால் எச்சரிக்கை வரட்டும்; சேவை நிற்கக் கூடாது. உரிமங்கள் தொகுப்பாக, டவர் விட்டு டவர் மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும். பத்தாண்டுக்கான வசதிகளின் விலையை முதல் நாளிலேயே வாங்கி, அதையும் சேர்த்துத்தான் ‘எல்-1’ யார் என்று முடிவு செய்ய வேண்டும். கருவி நிறுவனம் மூடப்பட்டாலோ, ஆதரவை நிறுத்தினாலோ உரிமம் உருவாக்கும் வழிமுறை வாங்கியவரின் கைக்கு வரும்படி, அதை மூன்றாம் தரப்பிடம் முன்கூட்டியே ஒப்படைத்து வைக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைத்தான் நிறுவனங்கள் அதிகம் எதிர்க்கும். ஆனால், ரயில்வேக்கு அதை விட்டுக்கொடுக்க வசதியில்லை. ஒரு ரயில் இன்ஜின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடுகிறது. அதில் பொருத்தப்படும் ரேடியோவின் மென்பொருளுக்கு எந்த நிறுவனமும் அவ்வளவு காலம் ஆதரவு தருவதாகச் சொல்வதில்லை. மீதி ஆண்டுகளுக்கு அந்தக் கருவியைப் பராமரிக்கப்போவது பொன்மலை போன்ற பணிமனைகளும் கோட்டங்களின் தொலைத்தொடர்புப் பிரிவுகளும்தான். அப்போது அவர்கள் கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியலை, டெண்டர் எழுதும் குழுவில் அவர்களையும் உட்காரவைத்துக் கேட்டுத் தயாரிக்கலாம்.