பூஞ்சணம் தந்த மருந்து

ஒரு பொருளைக் கண்ட அளவிலே "இதனாற் பயன் யாது?" என வினவுதல் மக்கட்கு இயல்பு. அவ்வினா தவறன்று, அதனையே ஒரே வினாவாகக் கொள்ளுதல் பிழையென்பது எம் கருத்து. சைக்ளோஸ்போரின் என்னும் மருந்தின் வரலாறே இதற்குச் சான்றாம்.

1969-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஹார்டாங்கர்விட்டா மேட்டுநிலத்தினின்று எடுத்த சிறிது மண், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துச் சாண்டோஸ் மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தை அடைந்தது. அம்மண்ணில் வாழ்ந்த பூஞ்சணமொன்று சைக்ளோஸ்போரினை ஈன்றது. கம்பெனியார் தேடியதோ பிற பூஞ்சணங்களை அழிக்கும் மருந்து. அவ்வகையில் இதன் ஆற்றல் சிறிதே. அதுகொண்டு எறிந்துவிடாது வேறு பல சோதனைகட்கும் உட்படுத்தினமையால், உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் இதன் தன்மை 1972-இல் வெளிப்பட்டது. பிறர் சிறுநீரகத்தை ஏற்ற உடல் அதனை அயலதென்று தள்ளாதிருக்க இம்மருந்து பெரிதும் உதவிற்று. 1983-இல் அமெரிக்க அரசாங்கமும் இதற்கு இசைவளித்தது. சிறுநீரகத்திற்கே ஊறு செய்யவல்ல குறையும் இதற்குண்டு. எனினும் இதனால் உயிர் பிழைத்தோர் மிகப் பலர்.

இஃது ஆக்கப்பெறும் முறையும் வியக்கத்தக்கது. புரதங்கள் ரைபோசோம் என்னும் உறுப்பில், மரபணுவின் செய்தி படிக்கப்பட்டுத் தொடுக்கப்படுவன. சைக்ளோஸ்போரினோ அவ்வாறு தொடுக்கப்படுவதன்று. 15,000-க்கு மேற்பட்ட அமினோ அமிலங்களாலாகிய பெருநொதியொன்று இதனைத் தொடுக்கின்றது. அந்நொதியின் 11 பகுதிகளுள் ஒவ்வொன்றும் தனக்குரிய ஓர் அமினோ அமிலத்தைத் தேர்ந்து, முன்னர் வந்த தொடையோடு பிணைத்து, அடுத்த பகுதிக்கு நல்கும். ஈற்றில் இரு முனைகளும் கூட, தொடை மாலையாய் முடியும். புரதங்களிற் காணப்படாத அமினோ அமிலங்களும் இம்மாலையில் இடம்பெறும். முனையற்ற வளையமாதல் இது செரிமான நொதிகளால் எளிதிற் சிதையாமைக்கு ஒரு காரணமாம்.

"கண்ட மண்ணையெல்லாம் சோதித்தல் வீண்செலவன்றோ?" எனின், அன்று என்போம். பூஞ்சணங்களின் மரபணுத்தொகையை ஆராய்ந்தோர், இத்தகைய நொதிகளை ஆக்கும் மரபணுக்கள் பல ஆய்வுக்கூடத்திற் செயற்படாது உறங்குதலைக் கண்டுள்ளனர். அவை விழிப்பின் யாது தருமென முன்னரே கூறுதல் அரிது. ஆதலின் குறித்ததொரு பயனுக்கே பொருளுதவி செய்வோம் என்பார், குறியாது வரும் பெரும்பயனை இழப்பர். நோயாளர்க்கு அவ்விழப்பு உயிரிழப்பாகவும் கூடும்.

நேயர்காள்! முதற் சோதனையில் தோற்றதொன்றை மறுபடியும் வினவும் பொறுமைக்கும் பொருள் ஒதுக்குதல் அறிவுடைய அரசாங்கங்கட்கும் கழகங்கட்கும் கடனாம்.