புதியவளின் கேள்வி

உயர்தர விஞ்ஞான வகுப்புக்குப் புதிதாக வரும் மாணவியிடம் நாம் முதலில் கேட்பது, "சாதாரண தரத்தில் எத்தனை ஏ?" என்பதுதான். அந்த ஒரு கேள்வியில் அவளுடைய நூறு கேள்விகள் அடங்கிப் போகின்றன.

2007ஆம் ஆண்டு 'கலக்சி சூ' என்ற இணைய வானியல் திட்டம் ஆரம்பமானது. தொலைநோக்கிப் படங்களிலுள்ள கலக்சிகளை வகைப்படுத்த யாரும் அதில் சேரலாம். புதிதாகச் சேர்ந்த நெதர்லாந்து ஆசிரியை ஹானி வான் ஆர்கெல், ஒரு படத்தில் தெரிந்த நீலத் திட்டு என்னவென்று கேட்டார். நிபுணர்களுக்கும் விடை தெரியவில்லை. 'பொருள்' எனும் கருத்துடைய டச்சுச் சொல்லைச் சேர்த்து, 'ஹானியின் வோர்வெர்ப்' என்று அதற்கு வேடிக்கையாகப் பெயர் வந்தது. பின்னர் ஹபிள் தொலைநோக்கியும் அதைப் படம் பிடித்தது. அது பிரமாண்டமான ஒளிரும் வாயு முகில்!

அந்த வேடிக்கை புதியவரை மட்டம் தட்டவில்லை. "நீங்களும் எங்களில் ஒருவர்" என்றது. சிரிப்பிலும் இரு வகை உண்டு. ஒன்று வாயை அடைக்கும்; மற்றது திறக்கும்.

சகோதரிகளே, நமது விஞ்ஞான மன்றத்துக்கு வரும் தங்கையை இரண்டாவது சிரிப்போடு வரவேற்போம். பெற்றோரும் பெறுபேற்றை விசாரிக்குமுன் பிள்ளையின் கேள்வியை விசாரிக்கட்டும். விடை தெரியாவிட்டால் இன்னும் நல்லது, சேர்ந்தே தேடலாம்.