இணைய வாக்கு: வசதி யாருக்கு?

வீட்டிலிருந்தபடியே விரலசைவில் வாக்களித்து விடலாமாம். வரிசையில் நிற்கும் காலம் மலையேறி விட்டதாம். இணையவழித் தேர்தலுக்குப் பல்லாண்டு பாடுவோர் இவ்வாறு நம்மை அழைக்கின்றனர். அந்த வசதிக்கு விலை கொடுக்கப் போவது யார் என்று நாம் கேட்கின்றோம்.

வாக்குச் சாவடியின் மறைப்பு எவரும் மனமிரங்கி அளித்த தானமன்று. 1838இல் இங்கிலாந்தின் தொழிலாளர் இயக்கத்தினரான சார்ட்டிஸ்டுகள் வெளியிட்ட மக்கள் சாசனத்தின் ஆறு கோரிக்கைகளுள் இரகசிய வாக்கெடுப்பும் ஒன்று. அந்நாளில் குத்தகை விவசாயி, நிலப்பிரபுவின் ஆட்கள் கேட்டிருக்கவே தன் வேட்பாளரின் பெயரை வாய்விட்டுக் கூறவேண்டியிருந்தது. 1872இல்தான் சட்டம் அவனுக்கு மறைப்பைத் தந்தது.

வீட்டுக் கணினிக்கு மறைப்பேது? முதலாளி பக்கத்தில் நிற்கலாம். கணவன் எட்டிப் பார்க்கலாம். 2005 முதல் இணைய வாக்கை நடத்திவரும் எஸ்தோனியா, 2023ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளை அவ்வழியே பெற்றது. வற்புறுத்தலுக்கு ஆளானவர் மீண்டும் வாக்களிக்கலாம், இறுதி வாக்கே செல்லும், சாவடியில் கடதாசியில் அளித்தால் இணைய வாக்கு இரத்தாகும் என்பது அதன் பதில். நல்ல ஏற்பாடுதான். ஆனால், அடையாள அட்டையையும் இரகசிய எண்ணையும் பிறர் பறித்து வைத்துக்கொண்டால், அப்பெண் என் செய்வாள்? கடைசியில் அவளுக்குக் கதி, இவர்கள் எள்ளி நகையாடும் அதே பழைய சாவடிதானே!

பாதுகாப்பின் இலட்சணத்தையும் பார்ப்போம். 2010இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் தேர்தல் அதிகாரிகள், தமது இணைய வாக்கு முறையைத் தேர்தலுக்கு முன் பரீட்சித்துப் பார்க்குமாறு பொதுமக்களை அழைத்தனர். மிச்சிகன் பல்கலைக்கழகக் குழுவொன்று 48 மணி நேரத்துக்குள் உட்புகுந்து, பரீட்சார்த்த வாக்குகள் யாவற்றையும் மாற்றியது. எவர் எவருக்கு வாக்களித்தார் என்பதையும் பெரும்பாலும் கண்டறிந்தது. வாக்களித்து முடித்தவரின் கணினியில் தம் பல்கலைக்கழகப் பாட்டையும் ஒலிக்க விட்டது. அதிகாரிகள் விழித்துக்கொண்டது அந்தப் பாட்டினால்தான்! பாடாத திருடன் வந்திருந்தால்?

கடதாசி வாக்கிலும் மோசடி உண்டென்பர். உண்டு, யார் மறுத்தார்? ஆயினும் ஒரு பெட்டியைத் திருட ஆட்கள் வேண்டும். ஊர்க் கண்கள் பார்க்கும். மையக் கணினியுள் நுழைந்தவனுக்கு ஒரு பெட்டியும் ஓராயிரம் பெட்டியும் ஒன்றே. வாக்கு இயந்திரங்கள் பற்றிய வழக்கில், தேர்தலின் முக்கிய படிகளை விசேட அறிவில்லாத குடிமகனும் சரிபார்க்க இயலவேண்டுமென ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. எண்ணும் மேசையருகே நின்று ஒரு தொழிலாளி தன் கண்ணால் காண்பதற்கு, நிபுணரின் சான்றிதழ் ஈடாகுமா?

மக்களின் சிரமத்தில் மெய்யான அக்கறை உண்டெனில், சாவடிகளைப் பெருக்குங்கள். நடக்க இயலாதோருக்கு வாகனம் அனுப்புங்கள். தேர்தல் நாளில் உழைப்போருக்குச் சம்பளத்துடன் விடுமுறை கொடுங்கள்.