இழந்த உறுப்புகளைக் கொண்டு உறவை அளக்கலாமா?

ஆம்பிபோடா வரிசையில் அடங்கும் காப்ரெல்லிடே குடும்பத்து உயிரிகள், அதாவது எலும்புக்கூட்டு இறால் என்று சுட்டப்படும் சிறு கடல் ஓட்டுடலிகள், தம்மிடம் இல்லாதவற்றைக் கொண்டே நெடுங்காலம் அடையாளம் காணப்பட்டு வந்துள்ளன. வயிற்றுப்பகுதி இல்லை, மார்பின் நடுக்கால்கள் இல்லை, பக்கவாட்டில் தட்டையான உடல் இல்லை என்ற மூன்று இன்மைகளே இக்குடும்பத்தைப் பிற ஆம்பிபோடுகளிலிருந்து பிரிக்கும் எல்லைக்கோடாக நின்றன. அந்தக் கோடு எவ்வளவு உறுதியானது என்ற கேள்வியை வகைப்பாட்டியலாளர் ஒவ்வொருவரும் தம் நுண்ணோக்கித் தட்டின்முன் எழுப்பிக்கொள்ள வேண்டிய காலம் இது.

பொதுவான ஆம்பிபோடு ஒன்றில் தலையை அடுத்து ஏழு தனித்த மார்புக் கண்டங்களும், அவற்றின்பின் நீந்துகால்களையும் வால்கால்களையும் தாங்கிய வயிற்றுப்பகுதியும் அமைந்திருக்கும். காப்ரெல்லா பேரினத்திலோ முதல் மார்புக் கண்டம் தலையோடு இணைந்துவிட, எஞ்சியவை குச்சிபோல் நீண்டுவிடுகின்றன. மூன்றாம், நான்காம் கண்டங்களில் கால்கள் மறைந்து, அவை இருந்திருக்க வேண்டிய இடத்தில் கண்டத்திற்கு ஓர் இணையாகச் செவுள்கள் மட்டுமே தொங்குகின்றன. பெண்ணுயிரியில் அதே இரு கண்டங்களிலிருந்து இலைவடிவத் தகடுகள் வளர்ந்து, ஒன்றின்மேல் ஒன்று படிந்து, முட்டைகளைச் சுமக்கும் அடைகாப்புப் பையாகின்றன. ஐந்து முதல் ஏழு வரையிலான கண்டங்களின் கால்கள் முனையில் மடங்கி, உட்புற முட்களின் உதவியால் பாசியிழையையோ ஹைட்ராய்டின் கிளையையோ இறுகப் பற்றிக்கொள்வதால், உடலின் முன்பாதி நீரில் தடையின்றி அசைந்து, உணர்கொம்புகளின் மயிர்களாலும் பற்றுகால்களாலும் இரையைத் தேட முடிகிறது. ஓரிடத்தைப் பற்றி வாழும் உயிருக்கு நீந்துகால்கள் தேவையற்றுப் போயின என்பது இவ்வமைப்பைப் பார்த்த அளவிலேயே தோன்றும் விளக்கம். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது: ஒரே வாழ்முறைக்கு ஆட்பட்ட வெவ்வேறு கிளைகள் ஒரே உறுப்பைத் தனித்தனியே இழந்திருக்கக் கூடும்.

லின்னேயஸ் 1767இல் நண்டுகளோடு சேர்த்துப் பெயரிட்ட ஒரு சிற்றினத்திற்கு லமார்க் 1801இல் காப்ரெல்லா என்ற தனிப் பேரினம் அமைத்தார். லீச் 1814இல் குடும்பத்தை வரையறுத்தார். பால் மேயர் 1882இல் வெளியிட்ட நேப்பிள்ஸ் வளைகுடாக் காப்ரெல்லிடுகள் பற்றிய பெருநூல் இத்துறைக்கு அடித்தளமாயிற்று. அதன்பின் நெடுங்காலம் இக்குடும்பமும், திமிங்கிலங்களின் தோலில் ஒட்டி வாழும் சயாமிடே குடும்பமும் தனித் துணைவரிசையாகவே கொள்ளப்பட்டன. 1966இல் விவரிக்கப்பட்ட காப்ரோகாமரஸ் என்ற பேரினம், காப்ரெல்லிடுகளை ஒத்த உடலோடு ஓரளவு வளர்ச்சியுற்ற வயிற்றுப்பகுதியையும் கொண்டிருந்ததால், அந்தப் பிரிப்பை முதலில் அசைத்தது. மையர்ஸ், லௌரி ஆகிய இருவரும் 2003இல் மரபுவழி ஆய்வின் அடிப்படையில் துணைவரிசை என்ற தகுதியையே நீக்கி, காப்ரெல்லிடுகளைக் கொரோஃபிடியா தொகுதிக்குள் அடக்கினர். 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மூலக்கூறுச் சான்றுகளைக் கொண்டு, மார்புக் கால்களும் வயிற்றுப்பகுதியும் பலமுறை இழக்கப்பட்டிருக்க வேண்டும் அல்லது இழந்தவை மீண்டும் தோன்றியிருக்க வேண்டும் என்று காட்டினர். இவ்விரண்டில் எது உண்மையாயினும், இன்மை என்பது உறவுக்குச் சான்றாக நிற்கும் வலிமையை இழந்துவிடுகிறது.

ஆகவே எஞ்சியிருப்பவற்றை நுணுகிப் பார்ப்பதே வழி. ஃப்திசிகா பேரினத்தில் மூன்றாம், நான்காம் கால்கள் முழுமையாக உள்ளன, செவுள்கள் மூன்று இணை, தாடையில் உணவை அரைக்கும் பற்பகுதி இல்லை, ஆனால் கணுக்கள் கொண்ட தொடுவுறுப்பு உண்டு. காப்ரெல்லாவிலோ அரைபற்பகுதி உண்டு, தொடுவுறுப்பு இல்லை. குமிழளவே எஞ்சிய வயிற்றுப்பகுதியும் வெறுமையானதன்று. காப்ரெல்லாவின் ஆணில் அதில் ஓரிணை உறுப்பெச்சங்களும் மடல்களும் இருக்கின்றன. விளக்கக் கட்டுரைகள் பலவற்றில் இப்பகுதிக்கு ஒரு படம்கூட இடம்பெறாதது மிகவும் வருந்தத்தக்கது.

இந்தக் குறையின் விளைவு ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. நெதர்லாந்துக் கடலோரத்திலிருந்து 1995இல் காப்ரெல்லா மாச்சோ என்ற பெயரில் புதுச் சிற்றினமாக அறிவிக்கப்பட்டது, வடகிழக்கு ஆசியக் கடல்களுக்கு உரியதும் 1935இலேயே ஷூரின் பெயரிட்டதுமான காப்ரெல்லா மியூட்டிகா என்று பின்னர் தெளிந்தது. வேற்றுக்கடலிலிருந்து வந்த உயிரி, உள்ளூர்ப் புதுமையாகப் பதிவாகியிருந்தது. டெம்பிள்டன் 1836இல் மொரீசியசிலிருந்து விவரித்த காப்ரெல்லா ஸ்கௌராவின் நிலையும் எளிதன்று. அதனுள் மேயர் பல வடிவங்களைப் பிரித்தார், அது இன்று மத்தியதரைக் கடல் வரை பரவியிருக்கிறது. இவ்வகை உயிரிகள் கப்பலின் அடிப்பரப்பிலும் வளர்ப்புச் சிப்பிகளோடும் கடல்கடந்து செல்வதால், துறைமுக நகரங்களில் பணியாற்றும் ஆய்வாளரின் பொறுப்பு இருமடங்காகிறது. ஆணின் இரண்டாம் பற்றுகாலும் முதுகு முட்களும் தோலுரிப்புக்குத் தோலுரிப்பு மாறுவதால், ஒற்றை முதிர்ந்த ஆணை மட்டும் வரைந்து பெயரிடுவது போதாது. இளம் ஆண், முதிர்ந்த ஆண், முட்டை தாங்கிய பெண் என வளர்ச்சித் தொடர் முழுவதும் வேண்டும்.

எனவே இவ்விதழுக்குக் காப்ரெல்லிடுகள் குறித்து வரும் கட்டுரைகளில் இருபாலாரின் வயிற்றுப்பகுதியும் வாயுறுப்புகளும் தனித்தனிப் படங்களாக அமைய வேண்டும். மாதிரிகளில் ஒரு பகுதி, மரபணுவைச் சிதைக்கும் ஃபார்மலினில் அன்றி எத்தனாலில் பாதுகாக்கப்பட்டு, வகைமாதிரியோடு ஒரே எண்வரிசையில் அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். எந்தப் பாசியிலிருந்து, எந்த வலையிலிருந்து அல்லது எந்தக் கலத்தின் அடிப்பரப்பிலிருந்து அவை எடுக்கப்பட்டன என்பதும் சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.