துருசு திறக்கப்படட்டும்!

கந்தளாய்க் குளம் நிறைந்து ததும்பும் காட்சியைக் கண்டு மகிழாத கமக்காரர் எவருமிலர். ஆயினும், குளம் நிறைந்திருப்பதனால் மட்டும் வயல் விளைந்துவிடுவதில்லை. துருசு திறக்கப்பட்டு, வாய்க்கால் வழியே நீரோடித் தம்பலகாமத்து வயல்களைச் சென்று சேர்ந்தாற்றான் குளம் கட்டியதன் பயன் கைகூடும். பல்கலைக்கழகமும் அத்தகையதே என்பது நமது துணிபு.

திருகோணமலை நகருக்கு வடக்கே, கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அமைந்திருக்கிறது. கந்தளாயிலிருந்து நகருக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். வளாகம் அதற்கும் அப்பால். எட்டாத தூரமன்று. ஆயினும், அங்கே மாணவர் ஆடும் ஆட்டத்தையும் நடிக்கும் நாடகத்தையும் கண்ட கந்தளாய்க் கமக்காரர் எத்தனை பேர்? அங்குள்ள விளையாட்டுத் திடலில் கால்பதித்த நம்மூர்ச் சிறுவர் எத்தனை பேர்?

“நெல்லை விற்றுப் பிள்ளையைப் படிக்க அனுப்பினோம், ஆடவும் பாடவுமா அனுப்பினோம்?” என்று கேட்கும் தந்தையரை நாம் அறிவோம். அவர்தம் கவலை நியாயமானதே. ஆனால், ஆட்டமும் பாட்டும் கல்விக்குப் பகையென்று கொள்வது பிழை. இதற்குப் பேராதனையே சான்று.

1956ஆம் ஆண்டில் பேராசிரியர் சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு அரங்கேற்றினார். அதற்கு அவர் வடிவம் தேடியது சிங்கள நாடகம என்னும் நாட்டார் கலையில். அந்த நாடகமவோ தமிழ்க் கூத்தின் வழிவந்தது. பின்னர், பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைக்குக் கொணர்ந்தார். 1962இல் ‘கர்ணன் போர்’ மேடையேறிற்று. ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகியன அடுத்தடுத்து வந்தன. விடியவிடிய ஆடப்பட்ட கூத்து, சில நாழிகைக்குள் அடங்கும் வண்ணம் செப்பனிடப்பட்டது. அம்மாணவருக்கு ஆட்டம் பயிற்றியவர் யார்? பட்டம் பெற்ற பண்டிதரல்லர். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார்! வயலும் வரம்பும் வளர்த்த கலைஞரின் முன்னே பல்கலைக்கழகம் மாணாக்கனாய் நின்றது. அக்கூத்துகளில் ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் அதே வந்தாறுமூலையில் எழுந்த கிழக்குப் பல்கலைக்கழகத்திலே நுண்கலைப் பேராசிரியரானார். ஆடியதனால் அவர் கல்வி கெட்டதா? வளர்ந்தது அன்றோ!

சட்டம் பயின்ற நாம் பிறிதொன்றையும் கூறுதல் கடன். பகிடிவதையைத் தடைசெய்து 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. குற்றம் புரிந்தோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும். அதில் இருவேறு கருத்தில்லை. ஆனால், சட்டத்தால் ஒருவன் கையைக் கட்டலாம். அவன் நெஞ்சில் நட்பை விதைக்க இயலாது. மூத்த மாணவனும் புதிய மாணவனும் ஒரே மத்தளத்துக்குத் தாளம் மிதிக்கட்டும்; தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே அணியில் நின்று பந்தாடட்டும். அச்சுறுத்தி வாங்கும் மரியாதைக்கு அங்கே இடமேது?

உடற்பயிற்சியும் மாணவர்க்கு மட்டும் உரியதன்று. மாடும் மண்வெட்டியும் கொண்டு உழைத்த காலத்தில் கமக்காரருக்குத் தனிப் பயிற்சி வேண்டியிருக்கவில்லை. இன்று உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் அவ்வேலையிற் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டன. நாற்காலியில் அமர்ந்து தொழில் புரியும் நம்போன்றோர் நிலையைச் சொல்லவே வேண்டா. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்களேனும் உடல் அசைந்து உழைக்கவேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. சித்த மருத்துவமும் பயிற்றப்படும் வளாகம் அது. அதன் மாணவர் எம் ஊர்களுக்கு வந்து, நலம் பேணும் வழிகளைச் சொல்லித் தருவதும் கல்வியேயாம்.

கந்தளாய்க்கு ஆறாத வடு ஒன்றுண்டு. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், பொழுது விடியுமுன்னர்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களை வெள்ளம் கொண்டுபோயிற்று. வீடுகளும் வயல்களும் அழிந்தன. அன்று தப்பியோர் பலர் முதுமை எய்திவிட்டனர். அவர்தம் வாய்மொழியைத் தமிழிலும் சிங்களத்திலும் பதிந்துவைப்போர் யார்? நாளை அவர்கள் மறைந்தபின் யாரைச் சென்று கேட்பது?

ஆகவே நாம் கோருவன மூன்று. ஆண்டுதோறும் சிறுபோக அறுவடை முடிந்தபின் வளாக மாணவரும் ஊர் மக்களும் சேர்ந்து கந்தளாயில் ஒரு களரி கட்டுக; அதில் ஊர்க் கலைஞரைத் தக்க ஊதியம் தந்து ஆசானாக அமர்த்துக. வளாகத்தின் விளையாட்டுத் திடலைக் குறித்த நாட்களில் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுக. ஏப்ரல் 20ஆம் நாளில் மாணவர் கந்தளாய்க்கு வந்து சிரமதானம் செய்க; முதியோர் நினைவுகளைக் கேட்டு எழுதுக.

இவை பிச்சையாகக் கேட்கப்படுவன அல்ல. 1945 முதல் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைபெறுகின்றது. அதற்குரிய பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. கமக்காரன் வாங்கும் சீனியிலும் மண்ணெண்ணெயிலும் அறவிடப்படும் வரியும் அதில் அடங்கும். கொடுத்தவன் கேட்பது உரிமை. கடமை நமக்கும் உண்டு: மாணவர் வரும்போது களரிக்கு நிலமும், உண்ணச் சோறும், இருக்க இடமும் தருவது நம் பொறுப்பு.

குளத்தை நிரப்பியவர்கள் வாய்க்காலின் கடைசியில் காத்திருக்கின்றனர். துருசு திறக்கப்படட்டும்!