கால்வாய்க் கரையும் சைக்கிளும்

சரளைக்கல் பரவிய கிராமப் பாதைகளிலும் பழைய கால்வாய்க் கரைகளிலும் சைக்கிள் விடுவது மேல்நாடுகளில் இப்பொழுது பெரியதொரு விநோதமாகப் பரவியிருக்கிறது. அமெரிக்காவின் கான்ஸாஸ் மாகாணத்து மேட்டுப் புல்வெளிகளில் 2006-ஆம் ஆண்டு தொடங்கிய நெடுந்தூரப் பந்தயம் இதற்கு ஊக்கமளித்தது. 2022-இல் இத்தாலி தேசத்தில் இதற்கென்றே முதல் உலகப் பந்தயமும் நடந்தேறியது. இதற்குத் தனி வண்டியே செய்கிறார்கள். கைப்பிடி பந்தயச் சைக்கிளைப்போல் வளைந்திருக்கும். டயர் மட்டும் அகன்று, மண்ணையும் கல்லையும் தாங்கும். நமது பட்டணத்திலும் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறுவாசிகளில் வசதியுள்ள சிலர் பெரும்பொருள் கொடுத்து இவ்வண்டியை வாங்கி, விடியுமுன் புறப்படுகின்றனர். அவர்களைப் பரிகசிப்பது நமது நோக்கமன்று. ஆயினும், பின்னால் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரை மேட்டில் ஹெர்குலிஸ் வண்டியை மிதித்து வந்த நமது கிராமத்தார் இவ்வித்தையை எந்தப் பந்தயமும் நடத்தாமலே கற்றிருந்தனர் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

இவர்கள் போகுமிடம் எது? கிழக்குக் கடற்கரைச் சாலையில் மோட்டார் வண்டிகளின் வேகத்துக்கு அஞ்சி ஓரமாக ஒதுங்கிச் சென்று, கேளம்பாக்கத்துக்கு அப்பால் தையூர், மானாமதி, திருக்கழுக்குன்றம் என்று உள்ளே திரும்பிய பிறகே மூச்சு விடுகிறார்கள். சென்னையிலிருந்து அங்கே போய்ச் சேருவதற்குச் சாலையை விட நேரான, மேடுபள்ளமில்லாத வழி ஒன்று உண்டு. அது மயிலாப்பூரின் நடுவே கிடக்கிறது. நாம் பக்கிங்ஹாம் கால்வாயைச் சொல்லுகிறோம்.

1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தனியார் முதலில் வெட்டிய இக்கால்வாய், 1837-இல் சர்க்கார் வசமாயிற்று. பின்னர் வடக்கே பெத்தகஞ்சாம் முதல் தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்டது. அதில் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் உள்ளது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர்ப் பகுதி, அதாவது திருவல்லிக்கேணிக்கும் மயிலாப்பூருக்கும் பின்புறமாக ஓடுவது, 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருஷப் பஞ்சத்தில் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பசியால் பட்டணத்துக்கு ஓடி வந்த ஏழைகள். அக்காலத்தில் நிவாரண வேலை செய்யும் ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதுமென்று ஸர் ரிச்சர்ட் டெம்பிள் விதித்தார்; அது உடலுழைப்புக்குப் போதாதென்று சென்னையின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் வாதாடினார். மாகாணத்தில் மாண்டவர்களோ பல இலட்சம் பேர். கால்வாய்க்குச் சூட்டப்பட்டது கவர்னராயிருந்த பிரபுவின் பெயர்.

கரையில் மண் பாதை அப்பொழுதே இருந்தது. காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிடில் கழி ஊன்றுவார்கள். அதுவும் முடியாத இடத்தில் ஆட்கள் கரையிலிறங்கிக் கயிறு கட்டித் தோணியை இழுத்துப் போவார்கள். சவுக்கு விறகும் உப்பும் இவ்விதமே பட்டணத்துக்கு வந்தன. பாரதிதாசனார் நண்பர்களுடன் தோணியேறி மாவலிபுரம் சென்றதும் இவ்வழியேதான்; அதைப் பாட்டாகவும் பாடி வைத்தார். இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் இன்று சைக்கிள் ஓடும் கால்வாய்ப் பாதைகளெல்லாம் இத்தகைய இழுவைப் பாதைகளே. அங்கே இழுத்தது குதிரை. இங்கே இழுத்தது மனிதன். வித்தியாசம் அவ்வளவே.

1965, 1966-ஆம் ஆண்டுப் புயல்களுக்குப் பின் தோணிப் போக்குவரத்து க்ஷீணித்தது. சாக்கடை புகுந்தது. பறக்கும் ரயில் என்று ஒன்று வந்தபோது நிலம் வாங்கும் செலவை மிச்சப்படுத்த எண்ணித் தூண்களைக் கால்வாயிலேயே ஊன்றினார்கள். 1997-இல் ரயில் மயிலைக்கு வந்தது. 2007-இல் வேளச்சேரியை எட்டியது. மறு ஆண்டு, 2008-இல், இதே கால்வாயை இந்திய சர்க்கார் தேசிய நீர்வழி 4-இன் ஓர் அங்கமாகப் பிரகடனம் செய்தது! மயிலாப்பூர்ப் பாலத்தின்மீது நின்று கீழே பார்ப்பவருக்கு இப்பிரகடனத்தின் மகிமை விளங்கும்.

இவ்விஷயத்தில் அமெரிக்கர் ஒருவருடைய சரித்திரம் நமக்கு மிகவும் பிடித்தமானது. நாமும் வக்கீல் தொழிலிலிருந்து பத்திரிகைக்கு வந்தவரானபடியால் பக்ஷபாதம் இருக்கலாம். வாஷிங்டன் நகரிலிருந்து கம்பர்லாந்துக்கு 184 மைலுக்குச் சற்று அதிகமாக ஒரு பழைய கால்வாய் உண்டு. 1924-இல் அதில் படகுகள் நின்றன. 1954-இல் அதன் கரையில் மோட்டார்ச் சாலை போடலாமென்று ஒரு யோசனை எழுந்தது. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை தலையங்கம் எழுதி அதை ஆதரித்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அதைப் படித்தார். படித்துவிட்டு, தம்முடன் அக்கரையில் நடந்து பார்த்த பிறகு எழுதும்படி அப்பத்திரிகாசிரியர்களுக்கே பகிரங்கமாக அழைப்பு விடுத்தார். அவர்களும் வந்தார்கள். மார்ச் மாதக் குளிரில் புறப்பட்டவர்களில் முழுத் தூரமும் நடந்து முடித்தவர் நீதிபதியோடு சேர்த்து ஒன்பதே பேர், ஆசிரியர்களால் இயலவில்லை. எனினும் அவர்கள் தமது அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டு எழுதினார்கள். அந்தத் துணிவை நாம் வியக்கிறோம். சாலை வரவில்லை. 1971-இல் அக்கால்வாய் தேசியச் சரித்திரப் பூங்காவாயிற்று. இன்று அதன் மண் பாதையில் நடப்பவரும் சைக்கிளில் செல்வோரும் ஏராளம்.

அவ்விதமே இங்கும் செய்யலாமே என்று நேயர்கள் கேட்கலாம். செய்யத்தான் வேண்டும். ஆனால் டக்ளஸ் நடந்த கரை பெரும்பாலும் காடு. நமது கரையில் மனிதர் வசிக்கிறார்கள். மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் அடுக்கு மாடிகளில் பாத்திரம் துலக்குபவர்களும், மீன் விற்பவர்களும், ஆட்டோ ஓட்டுபவர்களும் அங்கே குடியிருக்கின்றனர். கரையை அழகுபடுத்துதல் என்னும் சொல்லைக் கேட்டமாத்திரத்தில் அவர்களுடைய வயிறு கலங்குகிறது. காரணமில்லாமலன்று. 2022 மே மாதத்தில் இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற உத்தரவின்படி வீடுகளை இடித்தபோது, அங்கு வசித்த ஒருவர் தம் உடலில் தீயிட்டுக்கொண்டு உயிர் நீத்தார். அதன் பின்னரே, அருகிலேயே குடியிருப்புத் தரப்படும் என்ற உறுதி சட்டசபையில் கிடைத்தது. அந்த உறுதியை முன்னதாகவே சொல்லியிருக்கலாகாதா? இதற்கு முன் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனார்கள். மயிலையில் காலை வேலை செய்யும் பெண்ணுக்கு அத்தூரம் வேலையிழப்பே ஆகும். பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் 1985-இலேயே உச்ச நீதிமன்றம் ஜீவனோபாயமும் உயிர் வாழும் உரிமையில் அடங்குமென்று தீர்ப்புரைத்தது. அத்தீர்ப்பு உரிமையை ஒப்புக்கொண்டது, குடிசையைக் காப்பாற்றவில்லை. வக்கீல்கள் அதை மேற்கோள் காட்டும்போது இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுவது வழக்கம்.

ஆகையால், ஞாயிற்றுக்கிழமை உல்லாசத்துக்காக ஒரு குடும்பமேனும் ஊருக்கு வெளியே தள்ளப்படுவதானால் அந்தப் பாதை நமக்கு வேண்டாம். பாதை வேண்டுமென்பது அவர்களுக்காகவுந்தான். மேனிலைப் பள்ளி மாணவர்களுக்குச் சர்க்கார் ஆண்டுதோறும் இலவசச் சைக்கிள் கொடுக்கிறது. கொடுத்த சைக்கிளைச் சென்னையில் எந்தத் தெருவில் ஓட்டுவது? பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவிலா? மோட்டாரில்லாப் போக்குவரத்துக்கென்று நமது நகரசபை 2014-இல் ஒரு கொள்கையை அங்கீகரித்தது. 2019-இல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்திக் காட்டியது. மனமிருந்தால் முடியுமென்பதற்கு அது சாக்ஷி. ஆனால் அது கடைவீதி, வழியன்று.

நாம் கேட்பது பெரிய காரியமன்று. தெற்கே முட்டுக்காடு முதல் மாமல்லபுரம் வரை, உப்பளமும் கழிவெளியும் சூழ்ந்த கரையைச் சமன்படுத்தி, மண் பாதையாகவே விட்டுவிடுங்கள். ஓடு பதிக்க வேண்டாம், கம்பி வேலி வேண்டாம், டிக்கட்டும் வேண்டாம். பட்டணத்துக்குள்ளே முதலில் சாக்கடையைத் தடுங்கள். அதன் பின் கோட்டூர்புரம் முதல் தரமணி வரை, ரயில் தூண்களின் ஓரமாக, இடமுள்ள அளவுக்குப் பாதை அமையட்டும். கரையில் வசிப்பவர்களுக்கு எங்கே வீடு தரப்படும் என்ற ஜாபிதாவை, வரைபடத்துக்கு முன்னதாகப் பத்திரிகைகளுக்கு வெளியிடுங்கள். நாம் அதை முழுமையும் அச்சிடச் சித்தமாயிருக்கிறோம்.

அமெரிக்காவில் நீதிபதி பத்திரிகாசிரியர்களை அழைத்தார். இங்கே பத்திரிகாசிரியராகிய நாம், கால்வாயைப் பரிபாலிக்கும் அதிகாரிகளையும் நகரசபை அங்கத்தினர்களையும் அழைக்கிறோம். வசதியான ஒரு ஞாயிறன்று காலை ஆறு மணிக்குக் கோட்டூர்புரம் ரயில் நிலையத்தண்டை வந்து சேர வேண்டியது. மூக்கை மூடக் கைக்குட்டை ஒன்று எடுத்து வருவது உத்தமம். சைக்கிள் இல்லாதவர்களுக்கு நாமே வாடகைக்கு அமர்த்தித் தருகிறோம்.