வாசல் இருந்தால் வழியாகுமா?



நாம் பணிபுரியும் இரயில் நிலையத்தில், "ஐயா, வெளியே போகக் குறுக்கு வழி உண்டா?" என்று பயணிகள் வினவுவது வழக்கம். உண்டு. பார்சல் ஆபீஸின் பின்கதவைத் திறந்தால் நேரே சாலைதான். ஆயினும் அது பயணிக்குரிய வழியன்று. ஊழியருக்கு வாசலாயிருப்பது பயணிக்குச் சுவரேயாகும்.

பெருங்கட்டடங்களுக்குள்ளே வழிகாட்டும் வரைபடங்கள் இந்நாளில் கைப்பேசியில் வரத் தொடங்கியுள்ளன. அவற்றை வரைவதற்கென 2014-ஆம் ஆண்டில் இன்டோர்ஜிஎம்எல் என்னும் பொதுமுறை வகுக்கப்பட்டது. அதில் ஒவ்வோர் அறையும் ஒரு புள்ளி. ஈரறைகளை இணைக்கும் கதவு ஒரு கோடு. கோடுகளைத் தொடர்ந்து சென்றால் குறுகிய வழி கிட்டிவிடும். ஆனால் கதவைத் திறக்கும் பாத்தியதை எவருக்குரியது என்பதை வெறும் புள்ளியும் கோடும் சொல்லமாட்டா.

அதனைச் சொல்ல வேண்டியது நிலப்பதிவேடு. ஆள், அவருடைய உரிமையும் கடமையும், அவை சார்ந்த இடம் ஆகியவற்றைத் தொடர்புபடுத்தி எழுதும் எல்ஏடிஎம் என்னும் முறை 2012-இல் சர்வதேசத் தரமாக வெளியிடப்பட்டது. இவ்விரண்டையும் இணைக்கும் வகையை, நெதர்லாந்து நாட்டு டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017-இல் எடுத்துக்காட்டினர். இணைத்துவிட்டால், ஒரே கட்டடத்தில் மாணவருக்கு ஒரு வழியும் ஆசிரியருக்கு வேறு வழியும் தோன்றும்.

"இது நமக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். மும்பையில் நாம் குடியிருக்கும் கட்டடத்தில் சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு, மீட்டர் பெட்டியிலிருந்து புகை கிளம்பியது. கீழ்ப்படிகளில் புகை சூழ்ந்திருந்தமையால் சிலர் மொட்டைமாடிக்கு ஏறினர். கதவில் பூட்டு! சாவி மேல்மாடிக்காரரிடம், அவரோ ஊரில் இல்லை. ஒரு மூதாட்டியார் மூச்சுத் திணறி அப்படியிலேயே அமர்ந்துவிட்டார். தெய்வாதீனமாகப் புகை விரைவில் அடங்கிற்று.

மறுவாரம் பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். மொட்டைமாடி அனைவர்க்கும் பொது என்றே எழுதியிருந்தது. ஆண்டுக்கணக்கில் நாம் எவரும் அதைப் படித்ததில்லை! வரைபடத்தில் வழி இருந்தது. பத்திரத்தில் உரிமை இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் இல்லை.

மாடிப்படி, லிப்ட், தீ விபத்தில் வெளியேறும் வழி, பொது மொட்டைமாடி ஆகியவற்றை 2016-ஆம் ஆண்டு மனைவணிகச் சட்டம் பொதுவிடங்களில் சேர்த்துள்ளது. மும்பைப் புறநகர்ச் சொசைட்டி ஒன்றின் வழக்கில், தூண்களுக்கிடையே வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் இடமும் பொதுவே. கட்டுவித்தவர் அதைத் தனியே விற்கவியலாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே, சொந்த வீட்டினர் பத்திரத்தையும் அதனுடன் சேர்ந்த வரைபடத்தையும் ஒருமுறை ஒருசேரப் படித்தல் நன்று. வாடகைக்கு இருப்போர் தயங்காது சொசைட்டிக் காரியதரிசியைக் கேட்கலாம். மாடிச் சாவி ஒன்று காவற்காரரிடம் என்றும் இருத்தல் வேண்டும். அவ்வாறே, பொதுநடையில் நாம் வைத்திருக்கும் செருப்பலமாரியையும் பழைய சைக்கிளையும் இன்றே உள்ளே எடுத்துவிடுவோம். பிறர் பூட்டைக் குறைகூறும் நாம் பிறர் வழியை அடைக்கலாகாதன்றோ?